நிழல் விழாத அறுபத்தொரு டேலியா

அன்றைக்குச் சடையாண்டி மேஸ்திரியின் வீட்டில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர்: மேஸ்திரியின் மனைவி அன்னமயில், மேஸ்திரியின் தங்கை முத்தரசி, முத்தரசியின் வீட்டுக்காரர், ஓடைக்கரையில் கேரட் கழுவும் பிலோமினா, அவளோடு வேலை செய்யும் பெண்கள் ஐந்து பேர், மேல்காட்டுக்குச் சொந்தக்காரரான ஆலா கவுடர், பள்ளிக்கூடத்து வசந்தா டீச்சர், பஸ் கண்டக்டர் திரவியம், அப்புறம் யாருக்கும் தெரியாத ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் வேறெங்கோ ஒரு துக்க வீட்டுக்கு வந்தவர், வளைவு மாறி இறங்கிவிட்டார் என்பது அவர் சாப்பிட்டுக் கைகழுவிப் போன பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் இலையில் உட்கார்ந்தவரைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. மேஸ்திரி இறந்து ஐந்தாம் நாள் அது, தை மாதம்.

ஊரின் பெயர் கடைசி வளைவு. கோத்தகிரிக்கு மேலே பஸ் திரும்புகிற இடம் அதுதான். அதற்கப்பால் தேயிலை, தேயிலைக்கு அப்பால் மேகம். வீடுகள் நாற்பத்திரண்டு. மேஸ்திரி முப்பது வருஷம் எஸ்டேட் பங்களாவில் பூச்செடி பார்த்தவர், ஓய்வு பெற்று வரும்போது அங்கே கழித்துப் போட்ட டேலியாக் கிழங்குகளையும் ஒரு தீப்பெட்டி நிறைய விதையையும் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டவர். டேலியாவைக் கிழங்கு வைத்து வளர்த்தால் தாய்ச்செடியைப் போலவே பூக்கும். விதை போட்டு வளர்த்தால் ஒவ்வொன்றும் அதுவரை உலகத்தில் யாரும் பார்த்திராத ஒரு பூவாக வரும். அப்படி வந்தவற்றுக்கெல்லாம் அவரே பெயர் வைத்தார். வருஷா வருஷம் பனியில் தண்டு கருகியதும் கிழங்கைத் தோண்டி, மண்ணோடு சாக்கில் பரப்பி, நாக்கில் தொட்டால் ஊதாவாகிற காப்பியிங் பென்சிலால் ஒவ்வொரு கிழங்கின் தோலிலும் அதன் பெயரை எழுதுவார். எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. அன்னமயிலும் கேட்டதில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்தான், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள், ஆனால் அது அவர் கொட்டகை, அவர் சாக்கு, அவர் பென்சில் என்று ஒதுங்கியே இருந்துவிட்டாள்.

முப்பத்தாறு வருஷத்தில் அவர் வாயால் தன் பெயரை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "இந்தா" என்பார், "இங்க பாரு" என்பார், அதற்குமேல் அவசரம் என்றால் தொண்டையைக் கனைப்பார். ஒரு கட்டத்தில் அவருக்கு அது மறந்தே போயிருக்கும் என்று அவள் முடிவு செய்து, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலும் பழகிவிட்டாள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த கடைசி நாள், அவர் அவளைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"கிழங்குல ஈரம் படாமப் பாத்துக்க. உன் பேரு அதுல இருக்கு."

எதில், எந்தப் பூவில் என்று கேட்பதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள், மூன்றாம் மனுஷி முன்னால் அதைக் கேட்க அன்னமயிலுக்குக் கூச்சமாக இருந்தது, அன்று பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார். ஆட்கள் கலைந்த பிறகு கொட்டகைக்குப் போய்ச் சாக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஐந்து நாளும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே, வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள்.

கேரட் கழுவும் பெண்கள் துக்க வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவர்கள். பாத்திரம் கழுவி முடித்தார்கள், வாசல் கழுவி முடித்தார்கள், அதன்பின் கொட்டகையில் மண் அப்பிக் கிடந்த கிழங்கைப் பார்த்து, பாவம், மேஸ்திரி கழுவக்கூட நேரமில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று மனம் இளகி, ஆறு பேரும் சாக்கோடு தூக்கி ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் கேரட்டைத் தேய்க்கிற தேங்காய் நாரால் தேய்த்து, அரை மணி நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்கு மாதிரி மினுங்க மினுங்கக் கொல்லைப் படியில் வரிசையாக அடுக்கிவைத்தார்கள். அன்னமயில் வந்து பார்த்தாள். எண்ணினாள். அறுபத்து நான்கு கிழங்கும் இருந்தன. எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் இன்னொரு தடவை காப்பி கொடுத்தாள். மூன்று நாள் கழித்து டீச்சர் மூலமாக விஷயம் தெரிந்து பிலோமினா ஓடிவந்து, கழுவினால் சுத்தமாகும் என்றுதானே அக்கா நினைத்தோம் என்று சொல்லி அழுதபோதும், அழுகிறவளைச் சமாதானப்படுத்துகிற வேலையும் அன்னமயில் தலையில்தான் விழுந்தது.

சித்திரையில் நட்டாள். ஈரம் ஏறிய கிழங்கில் மூன்று அழுகிப்போயின. முளைத்தவை அறுபத்தொன்று.

ஆவணியில் முதல் பூ விரிந்தது. மேகம் விலகி வெயில் வந்த ஒரு காலையில், தண்டின் நிழல் மண்ணில் நீளமாகக் கிடப்பதையும், இலைகளின் நிழல் இரண்டு பக்கமும் கிடப்பதையும், உச்சியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெயில் கிடப்பதையும் அன்னமயில் பார்த்தாள். அடுத்தடுத்துப் பூத்தவையும் அப்படியே. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ஊதா, சட்டைப் பொத்தான் அளவு, சாப்பாட்டுத் தட்டு அளவு, எல்லாம் தலை நிமிர்ந்து நின்றன. ஒன்றின் நிழலும் விழவில்லை. நடுமத்தியானத்தில் அவற்றின் அடியில் நிழலுக்கு ஒதுங்கிய கோழி ஏமாந்து எழுந்து போனது. நிழலுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் எண்ணத் தெரியும். ஒரு நோட்டில் பூ இத்தனை, நிழல் பூஜ்யம் என்று தினமும் எழுதிவந்தாள்.

காரணம் யாருக்கும் தெரியாது. வழி மட்டும் ஒருநாள் தானாகத் தெரிந்தது. கண்டக்டர் திரவியம் வேலியோரம் நின்று, தேயிலைக் காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்த்து, "மூணேகால் வண்டி, மூணேகால் வண்டி" என்று தினமும் கூவுகிறபடி கூவினார். வேலியில் சாய்ந்திருந்த ஒரு மஞ்சள் பூவின் நிழல், யாரோ மேலேயிருந்து நழுவவிட்டது போல, சத்தமில்லாமல் மண்ணில் விழுந்தது. அன்னமயில் பார்த்தாள், திரவியமும் பார்த்தார். மேஸ்திரி தினமும் அந்த வண்டி திரும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் பாத்தியிலிருந்து எழுந்து டீக்கு வருவார் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. நோட்டில் எழுதினாள்: மூணேகால் வண்டி, மஞ்சள், ஒன்று. திரவியம் அன்றைக்கு வண்டியை எட்டு நிமிஷம் தாமதமாக எடுத்தார், ஏன் என்று கேட்ட ஒவ்வொரு பயணிக்கும் விளக்கமும் சொன்னார்.

மறுநாள் காலை வேலிக்கு வெளியே எழுபது பேர். எல்லோரும் முதலில் சொன்னது சடையாண்டி என்ற பெயரைத்தான். அறுபது பூவிடமும் சொல்லிப் பார்த்தார்கள், விழவில்லை. அவர் தன் பெயரை வைக்கிற ஆள் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அப்புறம் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டாவது வாரத்திலேயே அதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. மேகம் மூடியிருக்கும்போது பெயர் சொல்லக் கூடாது, ஏனென்றால் அப்போது எதற்குமே நிழல் இல்லை, வெயில் வந்த பிறகு நிழல் கிடக்கும், ஆனால் யார் சொன்னதற்கு விழுந்தது என்று சண்டை வரும், இரண்டு தடவை வந்தது. ஆகவே வெயிலில் மட்டும், ஒரு முறைக்கு ஒருவர் ஒரு பெயர், ஒரு பூவிடம். சொன்ன பெயரையெல்லாம் அன்னமயில் நோட்டில் எழுதுவாள், சொன்னதையே சொல்லி யாரும் வெயிலை வீணாக்கக் கூடாது என்பதற்காக.

டீச்சர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வரிசையில் நின்று நின்று வாசித்ததில் ஒன்றுகூட விழவில்லை. பாதிரியார் பன்னிரண்டு சீடர்களின் பெயரையும் சொல்லிவிட்டு மரியாதையாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் நிழலில்லாத பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று கேட்டதற்கு, சாமி முன்னால் எதன் நிழலும் விழக் கூடாது, அதனால் இதுதான் உசத்தி என்று அவர் சொல்லிவிட்டார், அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு ஆறு பூ போனது. இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து தங்கள் தலைவரின் பெயரைச் சொன்னார்கள், இரண்டுக்குமே விழாததில் இரண்டு தரப்புக்கும் நிம்மதி. வயசுப் பெண்கள் அந்தப் பூவைச் செருகிக்கொண்டு, சுவரில் விழுகிற தங்கள் நிழலில் கொண்டை மட்டும் தெரிவதைப் பார்த்துச் சிரித்தார்கள். கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்து, மறுபடி மறுபடி வரிசையில் நின்று, அன்றைக்கு மிச்சமிருந்த முப்பத்து நாலு பூவிடமும் ஒரே பெயரைச் சொன்னாள். எதுவும் விழாமல், ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பினாள். அது யார் பெயர் என்று ஊரில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

தோட்டக்கலை படித்த அதிகாரி ஒருவர் படம் போட்ட தடிப் புத்தகத்தோடு வந்தார். இதழ் குழல் மாதிரி சுருண்டிருக்கிறதா, தட்டையா, பந்து போல அடுக்கா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, புத்தகத்திலிருந்து இங்கிலீஷ் துரைசானிகளின் பெயர்களை அவர் வாசிக்க வாசிக்க, பங்களாவிலிருந்து கிழங்காக வந்த பதினொரு பூவின் நிழல் மளமளவென்று விழுந்தது. மற்றதெல்லாம் விதையில் வந்தவை, எந்தப் புத்தகத்திலும் இருக்காது, வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைத்தவரைத் தெரிந்தவர்கள் ஊர்க்காரர்கள். அவர் எங்கே உட்கார்ந்தார், எதைத் தின்றார், எதற்குப் பயந்தார் என்று கூடிக் கூடிப் பேசி, கம்பளி என்ற பெயருக்கு ஒன்று, வெந்நீர் என்ற பெயருக்கு ஒன்று, ரெண்டாம் நம்பர் காடு, கவாத்துக்கு மறுநாள், அட்டைக்கடி, அரிசி மூட்டை, துரை போனப்புறம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். கறுப்பாகச் சிவந்த ஒரு பூ, ஆலா கவுடர் கோபம் என்று சொன்னதும் நிழலைப் போட்டது; கவுடர் அதற்குக் கோபித்துக்கொண்டு, பின்பு கோபித்ததே தப்பாகப் போயிற்று என்று அவரே சிரித்துவிட்டார். விரிந்த பிறகு மழையிலும் மூடாத ஒரு பெரிய சிவப்புப் பூவைக் காட்டி, கேரட் கழுவும் பெண்ணொருத்தி இது பிலோமி வாய் என்று கேலி செய்தாள், அந்தக் கணமே நிழல் பொத்தென்று விழுந்தது. பிலோமினா இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் குன்னூரிலிருந்து தன் அண்ணன் குடும்பத்தையே கூட்டிவந்து அந்தப் பூவின் பக்கத்தில் நின்றாள்.

ஒவ்வொரு நிழல் விழும்போதும் ஊர் கைதட்டியது. அன்னமயிலும் தலையாட்டி நோட்டில் எழுதினாள், எழுதும்போது அவள் மனசுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. ஐம்பது பூ மிச்சமிருந்தால் தன் பெயர் இருக்க ஐம்பது இடம் உண்டு. ஒன்று வெந்நீராகப் போனால் நாற்பத்தொன்பது. ஒன்று அட்டைக்கடியாகப் போனால் நாற்பத்தெட்டு. ஊருக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் அவளுக்குக் குறைந்த ஒன்று. அவள் பெயரை ஊரில் யாரும் சொல்லிப் பார்க்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவள் மேஸ்திரியக்கா. அவளே சொல்லலாம்தான். ஆனால் வெயில் இருக்கும்போது ஆள் இருக்கிறது, ஆள் முன்னால் ஒரு பொம்பளை தன் பெயரைத் தானே ஒரு பூவிடம் எப்படிச் சொல்வாள்? சொல்லி, எல்லாப் பூவும் சும்மா நின்றால்? நினைவு தப்பின மனிதர் ஏதோ சொன்னார் என்று ஆகிவிட்டால்? அழுகிப்போன மூன்றில் ஒன்றாக அது இருந்துவிட்டால்? சொல்லாத வரைக்கும் அது எங்கோ இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் கூட்டம் ஓய்ந்தது. அன்று மத்தியானம் ஒரு மணிக்கு ஆலா கவுடர் வேலியோரம் வந்து நின்றார்.

"வானம் தேச்சு வெச்ச மாதிரி இருக்கும்மா. காத்தும் நின்னுடுச்சு. நாளைக்கு விடியறப்போ வெள்ளையா விழுந்திருக்கும், பாத்துக்கோ."

உறைபனி விழுந்தால் டேலியா ஒரே நாளில் கருகிவிடும். அப்புறம் கிழங்குதான், கிழங்கைப் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது, அடுத்த வருஷம் எத்தனை அழுகும், எத்தனை முளைக்கும், முளைக்கும்போது பார்க்க யார் இருப்பார்கள். அன்னமயில் நோட்டைப் பார்த்தாள். புத்தகத்துப் பெயர் பதினொன்று, ஊர் கண்டுபிடித்தது இருபத்தொன்பது, மிச்சம் இருபத்தொன்று. எதிர் மேட்டு யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் வெயில் போக இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. தோட்டத்தில் அவளையும், வேலை முடிந்து சோற்றுப் போசியோடு வந்து உட்கார்ந்திருந்த பிலோமினாவையும் தவிர யாரும் இல்லை.

அன்னமயில் போய்ப் பூக்களின் முன்னால் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிலோமினா கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

"யக்கா, உம் பேரு என்ன?"

"எதுக்கு?"

"பதினெட்டு வருசமா யக்கா யக்கான்னு கூப்புட்டுக் கெடக்கேன். ஒருநாளும் தோணல பாரு, இன்னிக்கித்தான் தோணுது."

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

"திரும்பிட்டேன்."

"காதையும் மூடு."

"சோத்துக் கையி யக்கா."

"பரவால்ல, மூடு."

பாத்தியின் ஓரத்தில், வேலி நிழலுக்குத் தப்பி, ஒரு சின்ன வெள்ளைப் பூ தலை சாய்ந்து நின்றது. யாரும் அதனிடம் அதிகம் பெயர் சொன்னதில்லை. நோட்டில் நாலே நாலு. வைத்திருந்தால் இதற்குத்தான் வைத்திருப்பார் என்று அன்னமயிலுக்குப் பட்டது. குனிந்து, இதழுக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்றை மட்டும் விட்டதுபோல் சொன்னாள்.

"அன்னமயில்."

மண்ணில் ஒரு பழைய அரையணா அளவுக்கு நிழல் விழுந்தது.

அவள் அப்படியே குனிந்து நின்றாள். முழங்கால் வலித்த பிறகுதான் நிமிர்ந்தாள். ஆனால் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தே பழகியவள். பெயருக்கு விழுந்ததா, அல்லது இத்தனை நாள் வாய் திறக்காத தன் குரலுக்குத்தான் விழுந்ததா என்று ஒரு சந்தேகம் வந்தது. சோதித்துவிட்டால் தெரிந்துபோகும் என்று பக்கத்திலிருந்த பூவிடம், தாம்பாளம் அகலத்தில், ராஜா வீட்டுப் பட்டு மாதிரி ஊதாவாக நின்ற பூவிடம், விழாது என்ற நம்பிக்கையோடு அதே பெயரைச் சொன்னாள். விழுந்தது. அவள் இரண்டு பாதத்தையும் மூடிக்கொண்டு விழுந்தது.

அன்னமயிலுக்குக் கோபம் வந்தது. சோதனை கெட்டுப்போயிற்று. மூன்றாவது பூவிடம் போய், அதே குரலில், பிலோமினா என்றாள். ஒன்றுமில்லை. கத்தரிக்காய் என்றாள். ஒன்றுமில்லை. அன்னமயில் என்றாள். நிழல் விழுந்தது. நான்காவதிடம் கத்தரிக்காய் என்றாள், மண்ணெண்ணெய் என்றாள், மாட்டேனென்று நின்றது. அன்னமயில் என்றாள், விழுந்தது. ஐந்தாவதிலிருந்து அவள் வேறெதுவும் சொல்லவில்லை. பூவின் முன்னால் நின்றாள், தன் பெயரைச் சொன்னாள், நிழலைப் பார்த்தாள், நகர்ந்தாள். மூன்று பாத்தியில் சிதறிக் கிடந்த மிச்சப் பூக்களுக்கெல்லாம், பட்டனுக்கும் பந்துக்கும் தட்டுக்கும், ரத்தச் சிவப்புக்கும் பால் வெள்ளைக்கும் மாலை நேர மேகத்தின் நிறத்துக்கும், போன வருஷத்துப் பூவுக்கும் பத்து வருஷத்துக்கு முந்திய பூவுக்கும், அன்னமயில், அன்னமயில், அன்னமயில் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள், எட்டாவதில் அவள் குனியவில்லை, பதினொன்றாவதில் குரல் ரோட்டுக்குக் கேட்டது, வெயில் இறங்க இறங்க முதலில் விழுந்த நிழல்கள் நீண்டுகொண்டே போய் வீட்டுச் சுவரைத் தொட்டு ஏறின.

பிலோமினா எப்போதோ திரும்பிவிட்டாள். காதில் சோற்றுப் பருக்கையோடு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மனுசனுக்கு வேற பேரே கெடைக்கலியா யக்கா?"

"அவருக்கு எழுத்து அவ்வளவா வராது," என்றாள் அன்னமயில், திரும்பாமல். "தப்பில்லாம எழுத வந்ததை எழுதியிருக்காரு." கொஞ்சம் பொறுத்து, "ஒரே பேர இருவது செடிக்கு வெச்சா எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது. கேக்க ஆளில்லைன்னு பண்ணியிருக்காரு," என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

இருபத்தொன்றாவது பூ ஒன்று நாலாவது பாத்தியின் மூலையில் இருந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த, இன்னதென்று சொல்ல வராத நிறம். அதனிடமும் சொன்னாள். விழவில்லை. தெளிவாக, எழுத்தெழுத்தாக, இன்னும் இரண்டு தடவை சொன்னாள். விழவில்லை. அவளுக்கு அது வருத்தமாக இல்லை. யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் வெயில் போய், எல்லா நிழலும் ஒன்றாக எழுந்துகொண்டன.

மறுநாள் காலை கவுடர் சொன்னபடி வெள்ளையாக விழுந்திருந்தது. பத்து மணிக்குள் நாலு பாத்தியும் கருகின. ஏழு நாள் விட்டு, அன்னமயிலும் பிலோமினாவும் கிழங்கைப் பாத்தியில் நின்ற வரிசைப்படியே தோண்டி மண்ணோடு சாக்கில் பரப்பினார்கள். பிலோமினா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். அன்னமயில் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, நோட்டைப் பார்த்து, துரைசானிகளின் பெயரை டீச்சரிடம் கேட்டுத் தமிழில் எழுதினாள், ஊர் கண்டுபிடித்ததை எழுதினாள், கடைசியாகத் தன் பெயரை எழுதினாள். குழப்பம் வரக் கூடாதென்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் போட்டாள். முடித்தபோது அவள் நாக்கு ஊதாவாக இருந்தது. நோட்டின் அடியில் கோடு கிழித்து மொத்தம் போட்டாள்: தோண்டியது அறுபத்தொன்று, புத்தகத்துப் பெயர் பதினொன்று, ஊர்ப் பெயர் இருபத்தொன்பது, அன்னமயில் இருபது, பெயர் தெரியாதது ஒன்று.